குன்மிங் முதல் உட்லண்ட்ஸ் வரை: தண்டவாளத்தில் வீடு திரும்பிய கதை

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் முடித்துவிட்டுத் திரும்புகிறவரிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி, "அங்கே என்ன பார்த்தே?" என்பதுதான். "எப்படி வந்தே?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் என்ன இருக்கிறது? விமானத்தில் ஏறினோம், ஒரு படம் பார்த்தோம், சாங்கியில் இறங்கினோம். அவ்வளவுதான்.

சீனாவின் யுன்னான் மாநிலத் தலைநகரான குன்மிங்கில் ஒரு பருவம் பயிற்சி முடித்து, சுற்றுவட்டாரமெல்லாம் சுற்றிவிட்டு, 2024 ஆகஸ்ட் இறுதியில் நான் வீடு திரும்பினேன். விமானத்தில் வந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நான் வந்தது ஐந்து நாள். முழுக்க முழுக்க ரயிலில்! கேட்டவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் இந்த ஐந்து நாளில் நான் கற்றுக்கொண்ட பொறியியலை வகுப்பில் கற்றுக்கொள்ள இரண்டு பருவம் ஆகியிருக்கும். ஆகவே நம் ஆண்டு மலரில் எழுதக் கேட்டபோது, சுற்றுலாத் தலங்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பாதையைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். குன்மிங், வியன்டியன், கோலாலம்பூர், சிங்கப்பூர் இந்த நான்கு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. 101 பாகைக்குச் சற்று மேலே ஆரம்பித்து 104-க்குள் எல்லாம் அடங்கிவிடும். பேங்காக் மட்டும் கொஞ்சம் மேற்கே தள்ளி 100-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதாவது வடக்கிலிருந்து நேராகத் தெற்கே இறங்குகிற பயணம். சூரியன் நமக்கு முன்னாலும் போவதில்லை, பின்னாலும் போவதில்லை. அப்படியானால் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம் அல்லவா?

அதுதான் இல்லை. சீனாவில் ஒரு நேரம். லாவோசில் நுழைந்ததும் ஒரு மணி நேரம் பின்னே. தாய்லாந்திலும் அதே. மலேசிய எல்லையில் மறுபடியும் ஒரு மணி நேரம் முன்னே. இது பூமியின் சுழற்சியால் வந்த வேறுபாடு இல்லை, அரசாங்கங்கள் எடுத்த முடிவால் வந்தது. சீனா தன் பரந்த நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றையே வைத்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1981 வரை கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தன. சபா, சரவாக்கோடு ஒத்துப்போவதற்காக 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியா அரை மணி நேரத்தைத் தள்ளி எட்டு மணியாக்கியது. நாமும் கூடவே தள்ளிக்கொண்டோம். நம் ஊரில் காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவதற்கு இதுதான் காரணம்.

இனி தண்டவாளத்துக்கு வருவோம்.

இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் 'கேஜ்' என்கிறோம். சீனாவில் இது 1,435 மில்லிமீட்டர். தாய்லாந்திலும் மலேசியாவிலும் 1,000 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு மீட்டர். வித்தியாசம் 435 மில்லிமீட்டர், சுமார் ஒன்றரை அடி. இந்த ஒன்றரை அடிதான் குன்மிங்கில் ஏறி சிங்கப்பூரில் இறங்க முடியாமல் செய்கிறது.

குன்மிங்கிலிருந்து வியன்டியன் வரை 1,035 கிலோமீட்டர். லாவோஸ் பகுதி 2021 டிசம்பர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. எல்லை தாண்டி ஓடும் பயணிகள் ரயில் 2023 ஏப்ரலில் தொடங்கியது. காலையில் குன்மிங்கில் ஏறினால் அன்று மாலையே வியன்டியன். நடுவில் மோஹான் என்ற சீன எல்லை நிலையத்தில் ஒருமுறையும், போத்தேன் என்ற லாவோஸ் நிலையத்தில் ஒருமுறையும் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். ஒரு செமஸ்டர் சாமான்களோடு அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்! இரண்டு நிலையங்களுக்கும் இடையே எல்லைக்கோடு மலைக்குள்ளே ஒரு சுரங்கத்தில் போகிறது. சுரங்கத்தின் நீளம் ஒன்பதரை கிலோமீட்டருக்கு மேல்.

லாவோசில் பாதித் தூரத்துக்கு மேல் சுரங்கமும் பாலமும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து காட்சி பார்க்கலாம் என்று ஆசைப்பட்ட என் நண்பன், "என்னடா இது, டவுன்டவுன் லைன் மாதிரியே இருக்கு" என்று அலுத்துக்கொண்டான். ஆனால் அந்தச் சுரங்கங்கள்தான் ரயிலை மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓட விடுகின்றன. மலையைச் சுற்றி வளைந்து போனால் அந்த வேகம் வராது. மலையைச் சுற்றிப் போவதா, குடைந்துகொண்டு போவதா என்பது ரயில்பாதைப் பொறியாளரின் பழைய பிரச்சினை. நூறு வருடத்துக்கு முன்னால் பணமும் இயந்திரமும் குறைவு. அதனால் சுற்றிப் போனார்கள். சுற்றிப் போகக் குறுகிய பாதைதான் தோது. வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், கட்டை சிறியது, பாலம் சிறியது, செலவும் கம்மி. மீட்டர் கேஜ் இந்த வட்டாரம் முழுதும் பரவியதற்கு இதுதான் கணக்கு. சொல்லப்போனால், குன்மிங்குக்கு வந்த முதல் ரயிலே மீட்டர் கேஜ்தான். வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்திலிருந்து மலையேறிக் குன்மிங் வரை பிரெஞ்சுக்காரர்கள் போட்ட பாதை அது, முடிந்த ஆண்டு 1910. குன்மிங்கில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் அதன் வண்டிகளைப் பார்க்கலாம். நான் இரண்டு முறை போனேன்.

அப்படியானால் அகலம் கூடுவதால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. சக்கரம் தண்டவாளத்தின் தலைமேல் உட்காருகிறது. எனவே மையத்துக்கு மையம் அளந்தால் மீட்டர் பாதையில் ஏறக்குறைய 1,060, சீனப் பாதையில் 1,500 மில்லிமீட்டர். மழையில் மண் இளகி ஒரு பக்கத் தண்டவாளம் 10 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெட்டியின் கூரை எவ்வளவு சாயும்? மீட்டர் பாதையில் 10-ஐ 1,060-ஆல் வகுத்து 4,000-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 27. அதே பழுதுக்குக் குறுகிய பாதையில் சுமார் ஒன்றரை மடங்கு ஆட்டம்! ஆகவே குறுகிய பாதையில் வேகமாக ஓட வேண்டுமானால் பாதையை அந்த அளவுக்குத் துல்லியமாகப் பராமரிக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். மலேசியாவின் இ.டி.எஸ். மின்ரயில் அதே ஒரு மீட்டர் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டரில் ஓடுகிறது. மேசைமேல் வைத்த தண்ணீர் போத்தல் அசையவில்லை. மீட்டர் கேஜ் என்றாலே மாட்டுவண்டி என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

இரண்டு கேஜும் சந்திக்கும் இடத்தில் என்ன செய்யலாம்? உலகத்தில் பல உபாயங்கள் இருக்கின்றன. சீன-மங்கோலிய எல்லையில் பெட்டியை அப்படியே ஜாக்கியில் தூக்கி, கீழே உள்ள சக்கரச் சட்டகத்தை உருவிவிட்டு வேறொன்றைத் தள்ளிப் பொருத்தும் முறை உண்டு. ஸ்பெயினில் தால்கோ ரயில்கள் மெதுவாக ஊர்ந்து போகும்போதே சக்கர இடைவெளி மாறிக்கொள்ளும். மூன்றாவது வழி, ஒரே பாதையில் மூன்று தண்டவாளம் போடுவது. ஹனோயிலிருந்து சீன எல்லை வரை அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். இதற்கு இரண்டு கேஜுக்கும் நல்ல வித்தியாசம் இருக்க வேண்டும். 435 மில்லிமீட்டர் தாராளம். சீனாவுக்கும் மங்கோலியாவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் 85 மில்லிமீட்டர்தான், அங்கே மூன்றாவது தண்டவாளத்தை நுழைக்க இடமே கிடையாது.

வியன்டியனில் இதில் எதுவும் இல்லை. சரக்குக்கு மட்டும் தானாலேங் என்ற இடத்தில் இரண்டு பாதையும் அருகருகே வருகின்றன. பளுதூக்கி வைத்துக் கொள்கலனைப் பெட்டி மாற்றுகிறார்கள். பயணிகளுக்கு? சீனப் பாதையின் நிலையம் ஊருக்கு வெளியே ஒரு பக்கம். பேங்காக் ரயில் கிளம்பும் கம்சவாத் நிலையம் வேறு பக்கம். நடுவே துக்-துக். பளுதூக்கியும் நாமே, கொள்கலனும் நாமே! கம்சவாத்திலிருந்து பேங்காக்குக்கு நேரடி ரயில் 2024 ஜூலையில்தான் ஓட ஆரம்பித்திருந்தது. நான் ஏறியபோது ஒரு மாதத்துக் குழந்தை அது. சாயங்காலம் கிளம்பி, மீகாங் ஆற்றின் மேலுள்ள நட்புப் பாலத்தைக் கடக்கிறது. 1994-இல் திறந்த சாலைப் பாலம் அது. நடுவே தண்டவாளத்தைச் சாலைக்குள்ளேயே பதித்திருக்கிறார்கள். ரயில் வரும்போது கார், லாரியெல்லாம் இரு கரையிலும் நின்று வழிவிட வேண்டும். நோங் காயில் தாய்லாந்துக் குடிநுழைவு. பிறகு படுத்தால் விடியும்போது பேங்காக்.

அன்றிரவு பெர்த்தில் படுத்துக்கொண்டு இன்னொன்றையும் யோசித்தேன். ஒரு காலத்தில் பேங்காக்கின் வடக்குப் பாதைகள் 1,435 மில்லிமீட்டராகத்தான் இருந்தன. தெற்கே மலாயாவோடு இணைவதற்காகப் போட்ட பாதை மட்டும் மீட்டர் கேஜ். 1909-ஆம் ஆண்டு ஆங்கிலேயரோடு செய்த ஒப்பந்தத்தையொட்டிக் கிடைத்த 40 லட்சம் பவுன் கடனில் தெற்குப் பாதை வளர்ந்தது. ஒரே நாட்டில் இரண்டு அளவு வைத்துக்கொண்டு திண்டாடியபின், 1920-களில் வடக்கையும் குறுக்கி மீட்டராக்கினார்கள். அன்றைக்கு யாராவது மறுபக்கம் முடிவெடுத்திருந்தால் நான் கொள்கலன் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை!

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வியன்டியனிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தபோது பாட்டிதான் எடுத்தார்.

"ரயில்லயா வர்றே? எந்த வழியா?"

"தாய்லாந்து வழியா பாட்டி."

"சயாம் வழியாவா?"

பிறகு பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பாட்டியின் அப்பா ஜோகூரில் லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். 1943-இல் ஜப்பான்காரன் பிடித்துச் சயாமுக்கு அனுப்பினான். பாட்டிக்கு அப்போது மூன்று வயது. அதன்பின் அவர் வரவில்லை. செத்தாரா, எங்கே செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. "சயாம்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

"வான்போங்னு ஒரு ஊர் வரும்பாங்க. அங்கதான் இறக்குவாங்களாம். வந்தா சொல்லுப்பா" என்றார்.

அது பான் போங். பேங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டர்தான். மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூட்ஸ் வண்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் இறங்கிய இடம். பக்கத்து நிலையமான நோங் பிளாடுக்கிலிருந்துதான் பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை 1942-43-இல் போடப்பட்டது. பொறியியல் கண்ணோடு பார்த்தால், அந்தப் பாதையும் ஒரு மீட்டர் அகலந்தான். காரணம் தெளிவு. சயாமிலும் பர்மாவிலும் ஏற்கெனவே மீட்டர் பாதை இருந்தது. இரண்டையும் இணைத்துவிட்டால் கடல் வழி வேண்டாம், சிங்கப்பூரிலிருந்து பர்மாப் போர்முனைக்கு ஒரே வண்டி. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த சி56 எஞ்சின்கள் 1,067 மில்லிமீட்டர் பாதைக்காகச் செய்தவை. அவற்றின் சக்கரத்தையும் மீட்டருக்கு மாற்றிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கு எங்கே போவது? மலாயாவில் ஓடிக்கொண்டிருந்த பாதைகளையே பெயர்த்தெடுத்தார்கள். கிழக்குக்கரைப் பாதையில் பெரும்பகுதி, தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதை எல்லாம் சயாமுக்குப் போயின. மலாக்கா நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

வேலை செய்தவர்களில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேர்; அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை உண்டு, பெயர் உண்டு, ஏறக்குறைய 7,000 பேருக்கு அந்த ஒரு மயானத்திலேயே. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம். இறந்தவர்கள் 90,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் பட்டியல் இல்லை. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். போர்க்கைதிகளுக்காவது தங்கள் ராணுவத்து டாக்டர்கள் கூட இருந்தார்கள். காலரா வந்தபோது நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை.

வண்டி பான் போங்கைக் கடக்கும்போது வெயில் இறங்கியிருந்தது. தட்டையான வயல், தென்னை, ஒரு பள்ளிக்கூடம், பெயர்ப்பலகை. பாட்டிக்குப் போன் செய்து, "தாண்டிட்டேன் பாட்டி" என்றேன். "எப்படி இருக்கு ஊரு?" என்றார். "நம்ம ஊரு மாதிரிதான் இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றார்.

நம் பாடப் புத்தகங்களில் அந்தப் பாதைக்குப் பாலத்தின் படம் போடுகிறார்கள். தண்டவாளம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இரவு தூங்கி எழுந்தால் ஹாட்யாய். இங்கே ரயிலைப் பிரிக்கிறார்கள். பெரும்பாலான பெட்டிகள் சுங்கை கோலோக் பக்கம் போகின்றன. மிச்சம் சில பெட்டிகள் மட்டும் பாடாங் பெசாருக்கு வருகின்றன. தவறான பெட்டியில் நண்பரோடு கதை பேசிக்கொண்டிருந்தால் வேறு எல்லைக்குப் போய்விடுவீர்கள், ஜாக்கிரதை! பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்துக்குள். முதல் தடவையாக இறங்கிய இடத்திலேயே வேலை முடிந்தது. அங்கே தலைக்கு மேலே பார்த்தால் மின்கம்பி ஆரம்பமாகிறது. சீனாவிலும் லாவோசிலும் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம்; தாய்லாந்தில் நான் வந்த வழி முழுதும் டீசல் எஞ்சின்; மலேசியாவில் மறுபடி அதே 25,000 வோல்ட். கேஜ் தாய்லாந்தோடு ஒத்துப்போகிறது, மின்சாரம் சீனாவோடு ஒத்துப்போகிறது. ஒரு முக்கியமான விஷயம்: இ.டி.எஸ். டிக்கெட்டில் போட்டிருப்பது மலேசிய நேரம். தாய்லாந்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கிறவருக்கு வண்டி கிடைக்காது.

மலாயா ரயில்வே என்றால் நம்மவர்களுக்குச் சொந்தக் கதை. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையிலிருந்தே தமிழர்கள் இருக்கிறார்கள். பாதை போட்ட கூலிகள், பிறகு கேங்மேன்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஸ்டேஷன் மாஸ்டர்கள், கிளார்க்குகள். கோலாலம்பூருக்குத் தெற்கே என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் தம் அப்பா சிக்னல் வேலை பார்த்தவர் என்று சொல்லி, அந்தக் கால டோக்கன் முறையை எனக்கு விளக்கினார். ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை ஒரு டோக்கன்தான் வெளியே இருக்க முடியும். அது கையில் இருக்கிற டிரைவருக்கு மட்டும் அந்தப் பாதை சொந்தம். எதிரே வண்டி வரவே முடியாது. கணினி இல்லாமல், ஓர் இரும்பு வளையத்தால் விபத்தைத் தடுத்தார்கள்! "இப்ப உள்ளதெல்லாம் ஸ்கிரீன்ல வெளக்கு எரியுது தம்பி. அப்ப கையில கனமா இருக்கும்" என்றார்.

நான் வந்தபோது மின்ரயில் கிம்மாஸ் வரைதான். அங்கே இறங்கி டீசல் வண்டி பிடித்து, ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டு, சிகாமட், லாபிஸ், குளுவாங் என்று ஜோகூர் பாருவுக்கு வந்தேன். அருகிலேயே இரட்டைப் பாதைக்கான கான்கிரீட் தூண்களும் மின்கம்பங்களும் தயாராக நின்றன. அந்த வேலை முடிந்து, 2025 டிசம்பரில் இ.டி.எஸ். ஜோகூர் பாரு வரை வந்துவிட்டது. எனவே கிம்மாஸ் பிளாட்பாரத்தில் காத்திருந்து வடை சாப்பிடும் பாக்கியம் உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியில் மிச்சம் இருப்பது கடற்பாலம், ஒரு கிலோமீட்டர் சொச்சம். 1923-இலிருந்து ரயில் கடக்கும் பாதை இது. 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகார் வரை வண்டி போனது. அன்றிரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாளிலிருந்து உட்லண்ட்ஸோடு சரி. 2015 ஜூலையிலிருந்து ஜோகூர் பாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே 'ஷட்டில் தெப்ராவ்' ஓடுகிறது. ஜோகூரில் ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் 5 வெள்ளி. அதே தூரம், அதே வண்டி, விலை மட்டும் ஆற்றுக்கு ஆறு மாறுகிறது! கடற்பாலத்துக்குக் கிழக்கே ஆர்.டி.எஸ். என்ற புதிய பாதைக்கான உயரப் பாலம் ஜன்னல் வழியே தெரிந்தது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச்செல்லும் திட்டம். இரு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடலாம். மோஹானிலும் போத்தேனிலும் மூட்டை தூக்கிய எனக்கு அதன் அருமை தெரியும்.

ஐந்து நாளில் ஏறக்குறைய 3,600 கிலோமீட்டர், இரண்டு கேஜ், ஐந்து நாடு. ஷட்டில் கடற்பாலத்தைக் கடந்தது ஐந்தே நிமிடத்தில். உட்லண்ட்ஸில் இறங்கி, வரிசையில் நின்று, வெளியே வந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தது மட்டும் இருபது நிமிடம்.